செத்த அண்ணன் திரும்பி வந்த பதினோரு நாள்

— நாலாயிரத்து அறுநூத்தி எண்பது.

— தெரியும்ண்ணே.

— தெரிஞ்சா சரி. கையில பணத்தோட வருவேன்னு பாத்தா, தலையில மூட்டையோட வந்து நிக்கிறே. என்ன தம்பி, குடோன் சிமெண்டை என் கடையில இறக்கப் போறியா?

— சிமெண்ட் இல்லேண்ணே.

— பின்னே?

— டிஸ்க்கு.

— எந்த டிஸ்க்கு?

— எல்லாம்தான். மூணு வருஷமா உங்ககிட்ட வாங்கினது. அறுபத்து மூணு படம். அப்படிப் பாக்காதீங்க. எண்ணிக்குங்க. பாதி விலை போட்டு கடன்ல கழிச்சுக்குங்க. மிச்சம் வந்தா… மிச்சமும் நீங்களே வச்சுக்குங்க.

— இரு, இரு. மொதல்ல இறக்கு. மெதுவா… மெதுவாடா, சிமெண்ட் இல்லேன்னு இப்பத்தானே சொன்னே.

— மெதுவாத்தான் வைக்கிறேன். ஒண்ணோட ஒண்ணு உரசாம இருக்கப் போர்வை சுத்தியிருக்கேன்.

— உன் போர்வையா?

— வீட்டுக்காரியோடது. கேக்காம எடுத்துட்டேன். அதுக்கு வேற சாயங்காலம் பூசை இருக்கு.

— உக்காரு. தண்ணி குடி. நேரம் இருக்குல்ல?

— அரை மணி. ரெண்டரைக்கு லாரி வந்துடும். நானூறு மூட்டை.

— சரி, சொல்லு. நாள் பூரா மூட்டை தூக்கிட்டு, டிஸ்க்கைத் தொடுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுற ஆளு நீ. உள்ளே இருக்குற சின்னப் புத்தகத்தை மோந்து பாத்துட்டுத்தான் பிரிப்பே. அப்படிப்பட்டவன் மொத்தத்தையும் சாக்குல கட்டிக்கிட்டு வந்திருக்கேன்னா… யாருக்கு என்ன ஆச்சு?

— யாருக்கும் ஒண்ணும் ஆகலே. போன வாரம் கொடுத்தீங்களே ஒரு பெட்டி…

— அண்ணன் தம்பி படம். முந்நூத்திப் பன்னிரண்டாம் நம்பர் பெட்டி. உலகத்துக்கே ஆயிரம்தான் போட்டாங்க.

— அதான் குடியைக் கெடுத்துச்சு.

— ரெண்டு வருஷம் வாசல்ல நின்னியேடா அதுக்காக. ‘வந்துச்சா அண்ணே, வந்துச்சா அண்ணே’ன்னு, பிரசவ வார்டுல நிக்கிறவன் மாதிரி.

— நின்னேன். வந்துச்சு. வந்து வீட்டுல பேச்சை நிறுத்திடுச்சு.

— யார் பேச்சை?

— அவ பேச்சைத்தான். இன்னையோட நாலு நாள். தட்டை வைப்பா, சோத்தைப் போடுவா, தட்டை எடுப்பா. சத்தமே இல்லே. நம்ம பழைய படத்துல ஒலி விட்டுப் போன மாதிரி, வாய் கூட அசையலே.

— பேசாத பொண்டாட்டிக்குத் தவம் கிடக்குறவங்க இருக்காங்க. நீ என்னடான்னா மூட்டை கட்டுறே.

— உங்களுக்கு விளையாட்டா இருக்கு.

— சரி, சிரிக்கலே. மேல சொல்லு.

— மத்த சீனச் சண்டைப் படமெல்லாம் அவளுக்கு ‘ஹூ, ஹா’தான். எட்டிக்கூடப் பாக்க மாட்டா. இது ஒண்ணு மட்டும், கல்யாணத்துக்கு முன்னாடி, ஆத்தோரத் தியேட்டர்ல பாத்தது. பொட்டி வந்துச்சுன்னு சொன்னதும் பொண்ணு, மருமகன், எதிர் வீட்டுக்காரங்க… எல்லாரையும் கூப்பிட்டா. பாய் பத்தாம சாக்கு விரிச்சோம். படம் போடுறதுக்கு முன்னாடியே கதையைச் சொல்லிட்டா. ‘அண்ணன்காரன் செத்துடுவான், பாருங்க. செத்த பிறகு பனிக்குள்ளேருந்து நடந்து வருவான். வந்து தம்பி தோள்ல கைய வைப்பான். அங்கதான் இருக்கு படம்’னு.

— ம்.

— செத்தான்.

— வரலே.

— வரலே. படி மேல விழுந்து செத்தவன் செத்தவன்தான். தம்பி போய்ப் பழி வாங்கினான், படம் முடிஞ்சுது. மருமகன் சும்மா இருக்கக் கூடாதா… ‘அத்தே, செத்தவன் வரலியே, பஸ் கிடைக்கலியோ’ன்னுட்டான்.

— பாவி.

— எதிர் வீடு வரைக்கும் சிரிப்பு. அவ எழுந்து போய் விளக்கைப் போட்டா. அவ்வளவுதான்.

— அதுக்கு மருமகன் மேல கோபப்படணும். உன் மேல எதுக்கு?

— டூப்ளிகேட் வாங்கிட்டு வந்துட்டேனாம். நடுவுல வெட்டி எடுத்த படமாம். மூணு வருஷமா ஒருத்தன் என்னை ஏமாத்தியிருக்கான், நான் பல்லைக் காட்டிக்கிட்டு வாங்கியிருக்கேனாம்.

— ஒருத்தன்னா…

— நீங்கதான்.

— ம். நல்ல பேரு.

— ‘ஒண்ணு, செத்தவன் திரும்பி வரணும். இல்லே, இந்தப் பொட்டியெல்லாம் வீட்டை விட்டு வெளிய போகணும்.’ அதான் கடைசியா பேசின பேச்சு. செத்தவனை நான் எங்கேருந்து கூட்டிட்டு வர்றது? அதான் பொட்டியைக் கூட்டிட்டு வந்துட்டேன்.

— டேய், அது அசல் நெகட்டிவ்லேருந்து எடுத்தது. ஒவ்வொரு கட்டமாக் கழுவி, கீறல் துடைச்சு, நிறம் பாத்து… ரெண்டு வருஷ வேலை. ஒரு மயிர் குறையாது அதுல.

— மயிர் குறையலேண்ணே. ஒட்டு மயிரை எங்க ஒட்டினாங்கன்னு நெத்தியில கோடே தெரியுது. மொதல் நிமிஷத்துலயே அவ கண்டுபிடிச்சுட்டா.

— அவ்வளவு சுத்தம்.

— வில்லன் தாடி பசை விட்டுத் தொங்குது. ரத்தம் வாளிச் சாயம். பறக்கும்போது கம்பி மினுக்குது. எல்லாம் தெரியுது. அண்ணன் மட்டும் வரலே.

— நீ என்ன சொன்னே அவகிட்ட? நீயும் அந்தத் தியேட்டர்ல பாத்தவன்தானே.

— பாத்தேன்.

— செத்தவன் வந்தானா?

— …வந்தான்.

— பனியில?

— பனியிலதான். அவ சொன்ன மாதிரியே.

— எங்க உக்காந்து பாத்தே?

— அவளுக்குப் பின் வரிசையில.

— அவ எந்த வரிசை?

— கடைசி வரிசை.

— கடைசி வரிசைக்குப் பின்னாடி சுவருதானேடா இருந்துச்சு.

— …ஓரமா. கொஞ்சம் ஓரமா உக்காந்திருந்தேன். உங்களுக்கு எப்படித் தெரியும் அந்தத் தியேட்டர்?

— நானும் நாலு படம் பாத்தவன்தான் அங்க. சரி, உன் கதையைச் சொல்லு.

— என்ன கதை… படம் விட்டு வெளிய வந்தா. கண்ணைத் துடைச்சுக்கிட்டே வந்தா. நானும் முகத்தைத் துடைச்சுக்கிட்டு நின்னேன். ஏறிட்டுப் பாத்து, ‘நீங்களுமா’ன்னா. ‘ஆமா’ன்னேன்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். முப்பத்தோரு வருஷம் ஆச்சு. இன்னைக்கும் சொல்லுவா, ‘அழத் தெரிஞ்ச ஆளுன்னு நம்பித்தான் கழுத்தை நீட்டினேன்’னு. இப்போ செத்தவன் வர்ற இடமே படத்துல இல்லேன்னா, நாங்க ரெண்டு பேரும் எதைப் பாத்து அழுதோம்?

— ஓஹோ. சங்கதி டிஸ்க்கு இல்லே.

— டிஸ்க்கு இல்லேண்ணே. அவ மனசுல, தான் கண்டது பொய்யோன்னு விழுந்துடுச்சு. நேத்து தனியா உக்காந்து படத்துல முன்னாடி வர்ற ஒரு பனிக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்துக்கிட்டிருந்தா. நான் வந்ததும் அணைச்சுட்டா. எடுத்துக்குங்கண்ணே. லாரிக்கு நேரமாச்சு.

— சரி. வேற வழி இல்லேன்னா எண்ணுவோம். இது… ‘எட்டுக் கதவு விடுதி’. இருநூறு போடலாமா?

— போடுங்க.

— ‘உப்பு வியாபாரியின் பன்னிரண்டு குத்து’. உறை மடங்காம வச்சிருக்கே. இருநூத்தம்பது. கைய எடு.

— எடுத்துட்டேனே.

— எங்க எடுத்தே? பிடிச்சுக்கிட்டிருக்கே.

— ஓ… வழக்கத்துல. எடுத்துக்குங்க.

— ‘மூங்கில் பாலத்து விதவை’.

— அது மட்டும்… ஒண்ணுமில்லே. அதுல ஒரு சமையல்காரன் மூடியாலயே ஒன்பது பேரை அடிப்பான். பாத்திருக்கீங்களா?

— நீ சொல்லிச் சொல்லியே முப்பது தடவை பாத்துட்டேன். ஏண்டா, பாக்கணும்னா வாடகைக்கு எடுத்துப் பாக்கக் கூடாதா? நூறு தடவை சொன்னேன். கடன்பட்டு வாங்கி அடுக்கணும்னு என்ன வேண்டுதலா?

— வாடகைக்கு எடுத்தா திருப்பிக் கொண்டு போய்க் கொடுக்கணும்.

— அதனாலென்ன?

— எனக்கு அது பிடிக்கலே. வீட்டுக்கு வந்தது வீட்டுலயே இருக்கணும்.

— இப்போ மட்டும் திருப்பிக் கொண்டு வந்தே.

— அதான் கால் கடுக்குது. தூக்குற மூட்டையிலேயே லேசான மூட்டை இதுதான். தெருக் கோடியிலேருந்து இங்க வர மூணு எடத்துல நின்னேன். ஏண்ணே நிறுத்திட்டீங்க? எண்ணுங்க.

— எண்ணலே. எல்லாத்தையும் உள்ளே வை.

— என்னண்ணே…

— உன் பொண்டாட்டி சொன்னது சரி. செத்தவன் வந்தான்.

— எங்க வந்தான்?

— ஆத்தோரத் தியேட்டர்ல. அங்க மட்டும்தான். உலகத்துல வேற எந்த ஊர்லயும் வரலே. மேல புரொஜெக்டர் அறையில ஆபரேட்டரா இருந்தது யார் தெரியுமா?

— யாரு?

— நான்.

— நீங்களா.

— பன்னிரண்டு வருஷம். கார்பன் விளக்குப் புகையைக் குடிச்சுத்தான் எனக்கு இருமலே வந்துச்சு.

— மூணு வருஷமா ஒரு வார்த்தை சொல்லலியேண்ணே நீங்க.

— நீ கேட்டியா?

— …இல்லே.

— கேளு. அப்போ ஒரு படத்துக்கு ஒரு பிரதிதான் வரும். அதை ரெண்டு தியேட்டர் பங்கு போட்டு ஓட்டும். கடைத்தெருத் தியேட்டர்ல ஒரு மணி நேரம் முன்னாடி ஆரம்பிப்பான். அங்க ஓடி முடிஞ்ச ரீல் பெட்டியை, ரெண்டு ரெண்டா சைக்கிள்காரன் நமக்குக் கொண்டு வருவான். நான் மேல் ஜன்னல்லேருந்து கயிறு விடுவேன், அவன் கட்டி விடுவான், நான் இழுத்துக்குவேன்.

— அது… ஆமா, கேள்விப்பட்டிருக்கேன்.

— இந்தப் படம் ஏழு பெட்டி. அஞ்சாவதுல அண்ணனும் தம்பியும் விடியக்காலை ஆத்தங்கரையில பனிக்குள்ள பயிற்சி பண்ணுவாங்க. அண்ணன் பேசாம நடந்து வந்து தம்பி தோள்ல கை வைப்பான். ஆறாவதுல அண்ணன் செத்துப் போவான். ஏழாவது பழி.

— ம்.

— மொத நாள் நான் ஆறை மாட்டிட்டேன். அது ஓடி முடிஞ்ச பிறகுதான் அஞ்சு. ஓட்டைக்குள்ளேருந்து கீழ எட்டிப் பாக்குறேன். இப்பத்தான் படியில ரத்தம் கக்கிச் செத்தவன், வெள்ளைப் பனிக்குள்ளேருந்து வர்றான். ஒரு சத்தம் இல்லே. பீடியைக்கூட யாரும் இழுக்கலே. சரி, செருப்பு வரப் போகுதுன்னு நெனைச்சேன். தோள்ல கை வச்சான் பாரு… மொத வரிசையில ஒரு தடியன் தேம்பினான். அப்புறம் தியேட்டரே தேம்புச்சு.

— யாரும் கேக்கலியா?

— எதுக்குக் கேக்கணும்? அவங்களுக்கு அதான் கதை. மறுநாள் டிக்கெட் வரிசை பாலம் வரைக்கும் நின்னுச்சு. கடைத்தெருத் தியேட்டர்ல பாத்தவனெல்லாம் இங்க வந்து இன்னொரு தடவை பாத்தான். முதலாளி மேல ஏறி வந்து, ‘இப்படியே ஓட்டு’ன்னார். பதினோரு நாள். ஒரு நாளைக்கு மூணு காட்சி.

— அப்போ அவ கண்டது…

— கண்ணால கண்டதுதான். போய்ச் சொல்லு. நான் வேணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். இன்னொண்ணும் பண்ணு. ரிமோட்டுல காட்சிப் பட்டியல் இருக்கும். நாலு முடிஞ்சதும் ஆறைப் போடு. ஆறு முடிஞ்சதும் அஞ்சு. அப்புறம் ஏழு. அந்தப் பெட்டிக் கணக்குலதான் டிஸ்க்கையும் பிரிச்சிருக்காங்க, நான் பாத்துட்டேன்.

— வருவானா?

— வருவான். கீறல் இல்லாம வருவான். மருமகனைப் பக்கத்துல உக்கார வச்சுப் போடு.

— அண்ணே… அவ இனிமே பேசிடுவா.

— பேசட்டும். நாலு நாள் உன் வீட்டுல பேச்சு நின்னதுக்கு நான்தான் காரணம். எங்க அந்தக் கடன் நோட்டு… இந்தா. நாலாயிரத்து அறுநூத்தி எண்பது. ஒரே கோடு. அடிச்சாச்சு.

— அடிக்காதீங்கண்ணே.

— அடிச்சாச்சுங்கிறேன்.

— அழிச்சுட்டுத் திரும்ப எழுதுங்க.

— ஏண்டா, கடன் போனா கசக்குமா? தப்பு என்னோடது. மத்தியான வெயில், மேல கூரைத் தகரம். கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா ரீல் முடியப் போகுது. ரெண்டு பெட்டியில கைக்குக் கிடைச்சதை எடுத்து மாட்டிட்டேன். தூக்கத்துல பண்ண தப்பு.

— நீங்க தூங்கலேண்ணே.

— மேல இருந்தது நானா நீயா? நான் தூங்கினது எனக்குத் தெரியாதா?

— நீங்க தூங்கலே. ரெண்டு பெட்டி மேல வந்திருந்தாத்தானே மாத்தி மாட்ட முடியும்? ஒண்ணுதான் வந்துச்சு.

— அதை யார் சொன்னா உனக்கு?

— யாரும் சொல்லலே. நடுவழியில சைக்கிள் செயின் கழண்டுச்சு. பெட்டி ரெண்டையும் இறக்கி வாய்க்கால் கட்டை மேல வச்சேன். மேல ஜன்னல்லேருந்து திட்டு விழுமேன்னு பதட்டம். செயினை மாட்டி, ஒண்ணைக் கட்டிக்கிட்டு மிதிச்சேன். கயித்துல கட்டி விட்டுட்டுத் திரும்பினா, கேரியர் காலியா இருக்கு. விட்ட எடத்துக்கே ஓடினேன். நல்லவேளை, ஒரு நாய்தான் காவலுக்கு உக்காந்திருந்துச்சு. அதைத் தூக்கிக்கிட்டு… நாயை இல்லே, பெட்டியை. திரும்பி வர்றதுக்குள்ள ஆறு ஓடிக்கிட்டிருந்துச்சு. அஞ்சைக் கட்டி விட்டுட்டு, அப்படியே ஓடிப் போயிடலாமான்னு நின்னேன். கால் வரலே. அங்கயே நின்னேன், படம் விடுற வரைக்கும்.

— அப்போ கடைசி வரிசை?

— வரிசையும் இல்லே, ஓரமும் இல்லே. உள்ளே ஒரு நாள்கூட நான் உக்காந்ததில்லே. அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு வந்தா. நான் வேர்வையைத் துடைச்சுக்கிட்டு நின்னேன். ‘நீங்களுமா’ன்னு கேட்டா, என்ன பண்ணச் சொல்றீங்க. அவ்வளவு அழகா ஒருத்தி கேட்டா நீங்க இல்லேன்னு சொல்லுவீங்களா?

— சொல்ல மாட்டேன்.

— ரெண்டு வருஷம்ண்ணே. எத்தனை படம் அந்தக் கேரியர்ல போச்சு, எத்தனை வந்துச்சு. கதவுச் சந்துல நின்னு ஒரு குத்து பாப்பேன், அடுத்த பெட்டி தயார்னு கூப்பிடுவாங்க. யார் யாரை எதுக்கு அடிச்சான், கடைசியில என்ன ஆனான்… ஒரு படம் முழுசாத் தெரியாது. எல்லாத்தையும் சுமந்தேன், ஒண்ணையும் பாக்கலே. அதான் இப்போ கழுவித் துடைச்சு வருதுன்னதும் ஒவ்வொண்ணா வாங்கி, உக்காந்து, முதல்லேருந்து முடிவு வரைக்கும் பாக்குறேன். இதை அவகிட்ட சொன்னா, ‘அப்போ நீங்க அழவே இல்லியா’ம்பா. நீங்க தூங்கிட்டீங்கன்னே போய்ச் சொல்லிடலாம், அவளும் நம்புவா. ஆனா செய்யாத தப்புக்கு நீங்க கோடு போட்டீங்க பாருங்க, அதான் தாங்கலே. கடனை எழுதுங்கண்ணே. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை முந்நூறா அடைச்சுடுறேன்.

— எழுத மாட்டேன்டா. மொத நாள் இந்தக் கடைக்குள்ள வந்து கீழ்த் தட்டுல குனிஞ்சு தேடினே பாரு, அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன்… மூஞ்சி எனக்குத் தெரியாது, ஆனா மேல் ஜன்னல்லேருந்து ரெண்டு வருஷம் நான் பாத்ததெல்லாம் இந்த உச்சந்தலையைத்தான், இந்த ரெட்டைச் சுழியைத்தான். அந்தப் பதினோரு நாளும் முதலாளி ‘உன் மூளைக்கு’ன்னு தினம் ஒரு ரூபா நோட்டு என் கையில வச்சார், நானும் வாங்கிப் பையில போட்டுக்கிட்டேன், மூளை கீழே சைக்கிளோட நிக்குதுன்னு ஒரு நாள்கூட வாயைத் திறக்கலே. மூணு வருஷமா கேட்டதையெல்லாம் கடனாக் கொடுக்குறானே, இவன் என்ன கடைக்காரன்னு நீ யோசிச்சிருக்கணும்… இந்த நோட்டுல உன் பேருக்கு நேரா நான் எழுதிக்கிட்டு வந்ததெல்லாம் உன் பங்கு, இன்னையோட தீர்ந்துச்சு. மூட்டையைத் தூக்கு, ஹாரன் சத்தம் கேக்குது.